வீட்டின் முதல் கெட்டில்பெல் யாருக்கு?



நம் குடும்பங்களில் உடற்பயிற்சி என்ற பேச்சு எழுந்தவுடன் இருவர் மட்டுமே நினைவுக்கு வருகின்றனர். ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு மாலையில் பையுடன் கிளம்பும் மகன் ஒருவர். மருத்துவர் சொன்னதற்காக ஃபஜ்ருக்குப் பின் நடக்கப் போகும் வாப்பா மற்றொருவர். உம்மா இந்தக் கணக்கில் சேர்வதேயில்லை. "நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாரே, அதுவே போதாதா?" என்ற சமாதானத்தோடு அவரது உடல்நலம் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு ஐம்பது வயதில் முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, தொழுகைக்கு நாற்காலி.

கெட்டில்பெல் எனப்படும் இரும்பு எடையைக் கொண்டு பயிற்சியைத் தொடங்க நினைப்போருக்காக இதை எழுதுகிறேன். எதை வாங்குவது, எதை முதலில் பழகுவது, எதைச் சில வாரங்கள் தள்ளி வைப்பது என்பவற்றைச் சொல்வதற்கு முன் என் கருத்தை வெளிப்படையாக வைத்துவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒரேயொரு கெட்டில்பெல்தான் வாங்க முடியும் என்றால், அதன் எடை அந்த வீட்டுப் பெண்களுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். மகனின் முறை பிறகு வரட்டும்.

கெட்டில்பெல் என்பது பீரங்கிக் குண்டின் தலையில் கைப்பிடி வைத்தாற்போன்ற வார்ப்பிரும்பு எடை. ருஷ்ய மொழியில் இதற்குக் 'கிர்யா' என்று பெயர். சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்ததை, பலத்தைக் காட்டத் தூக்கிப் பார்த்த உழைப்பாளிகள் பயிற்சிக் கருவியாக்கினர். அந்நாட்டின் பழைய நிறுவை அளவான 'பூட்' ஏறத்தாழ 16.38 கிலோ. இன்றும் கடைகளில் 16, 24, 32 கிலோ என்ற அளவுகள் முதன்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அவை ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட். 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் எடைப் பயிற்சிக்கென ஒரு குழுவைத் தொடங்கிய விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி ஒரு மருத்துவர் என்பதைக் குறிப்பிட வேண்டும். சோவியத் நாட்டில் பிறந்த பாவெல் சாட்சூலின் 2001ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இதைப் பரப்பினார். அங்கிருந்து உலகெங்கும் சென்றது. கர்லாக்கட்டை சுழற்றிய பாட்டன்மாரைக் கொண்ட நமக்கு, கைப்பிடிக்கு அப்பால் எடை தொங்கும் கருவி முற்றிலும் புதிதன்று.

ஏன் எடை? நடை போதாதா என்று கேட்கலாம். நடை நன்று, ஆனால் பாதிதான். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புடன், குறைந்தது இரண்டு நாட்கள் பெருந்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் வயது வந்தோர் அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. ஆண், பெண் என்று அது பிரிக்கவில்லை. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உள்வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய இடம் நம் எலும்புத் தசைகளே. நடுவயதிலிருந்து அத்தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. பயன்படுத்தாவிடில் இன்னும் விரைவாகக் குறைகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. பிரியாணியையும் மாவுப் பலகாரத்தையும் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்தச் சர்க்கரை போய்ச் சேர வேண்டிய தசை என்னவாயிற்று என்று கேட்பதில்லை.

"பெண்கள் எடை தூக்கலாகாது" என்பது அடுத்த தடை. சொல்பவர்கள் வீட்டைச் சற்றுச் சுற்றிப் பார்க்கட்டும். குடிநீர்க் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு உருளை, உருளையின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. இவற்றை நகர்த்துவதும் சாய்ப்பதும் தூக்குவதும் பெரும்பாலும் யார்? அவர் ஏற்கெனவே எடை தூக்குகிறார். முதுகை வளைத்து, மூச்சை அடக்கி, அவசரமாகத் தூக்குகிறார். எட்டுக் கிலோவைச் சரியான முறையில் தூக்கப் பழகினால், இருபது கிலோவைத் தவறான முறையில் தூக்கும் அபாயம் குறையும். ஆணைப் போல் உடல் தடித்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். அதற்குரிய ஹார்மோன் பெண்களின் உடலில் மிகக் குறைவு. எட்டுக் கிலோ இரும்பு அதை மாற்றாது.

கருப்பை இறங்கிவிடும் என்ற அச்சத்தை மட்டும் நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பல பிரசவங்கள் கண்டவர்களுக்கு இடுப்புத் தளத் தசைகள் தளர்வது உண்மை. இருமும்போது சிறுநீர் கசிவு, அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போன்ற பாரம் ஆகியவை இருந்தால் முதலில் பெண் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தியன்று. அக்குறைகள் இல்லாதவர்களுக்கு அந்த அச்சத்தைப் பொதுத் தடையாக நீட்டுவது நியாயமாகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அதை மேடையில் மகிழ்ந்து சொல்லும் நாம், நம் வீட்டுப் பெண்களின் கால்களுக்கு என்ன செய்தோம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழுகையே தலைசிறந்த உடற்பயிற்சி என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வருகிறது. எனக்கு இது பிடிப்பதில்லை. தொழுகை வணக்கம், அதற்கு உடற்பயிற்சி என்ற சான்றிதழ் தேவையில்லை. உடலியல் நோக்கிலும், பல்லாண்டு பழகிவிட்ட ஓர் அசைவு தசைக்குப் புதிய சுமை எதையும் தருவதில்லை. சுமை படிப்படியாகக் கூடினால்தான் தசை வலுக்கும். ஸஜ்தாவிலிருந்து கையூன்றாமல் எழும் வலு தொடையிலும் பின்புறத்திலும் இருக்க வேண்டும். அந்த வலுவைத் தொழுகைக்கு வெளியேதான் சேர்க்க முடியும். உடல் இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது, அதில் குறையொன்றுமில்லை. தவிர்க்கக்கூடிய இயலாமையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனிப் பயிற்சிக்கு வருவோம்.

கெட்டில்பெல்லின் அடிப்படை ஓர் அசைவில் இருக்கிறது: இடுப்பிலிருந்து மடங்குவது. நாம் கீழே கிடப்பதை எடுக்கும்போது முதுகை வில்லாக வளைக்கிறோம், அல்லது முழங்காலை மடித்து உட்காருகிறோம். இது இரண்டுமன்று. ருகூஉவில் முதுகை நேராக வைக்கப் பழகியவர்களுக்குப் பாதி வழி தெரியும். வேறுபாடு, இங்கே முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்கும், பின்புறம் வெகுவாகப் பின்னுக்குச் செல்லும். சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி முன்னால் நில்லுங்கள். பின்புறம் சுவரைத் தொடும்வரை பின்னால் தள்ளுங்கள், பிறகு நிமிருங்கள். எளிதானதும் இன்னும் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்து செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மாப் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். குச்சி பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்றையும் தொட்டபடியே இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். முதல் வாரம் முழுவதும் இதுவே போதும். இரும்பை இன்னும் தொட வேண்டாம் என்றாலும் தவறில்லை.

பிறகு டெட்லிஃப்ட். கெட்டில்பெல்லை இரு கணுக்கால்களுக்கும் நடுவில் வைத்து, அதே போல் மடங்கிக் கைப்பிடியைப் பற்றி, தரையைப் பாதத்தால் அழுத்தி நிமிருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடுத்தது காப்லெட் ஸ்குவாட்: கைப்பிடியின் இரு பக்கங்களையும் பற்றி எடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தெழுவது. முழுதாக உட்கார இயலாதவர்கள் பின்னால் ஒரு நாற்காலியை வைத்து, அதில் மெல்ல அமர்ந்து கையூன்றாமல் எழட்டும். வயதானவர்களுக்கு இந்த ஒன்றே பெரும் பயன் தரும். திவானில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் எடையை இடுப்புவரை இழுப்பது மூன்றாவது. கடைசியாக, ஒரு கையில் எடையை வாளி போலத் தொங்கவிட்டு, ஒரு பக்கமும் சாயாமல் ஹாலின் நீளத்துக்கு நடப்பது. எளிதாகத் தோன்றும், முப்பது எட்டு நடந்து பாருங்கள். முதல் மூன்றும் எட்டெட்டு முறை, நடை பக்கத்திற்கு முப்பது எட்டு. இதை மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் என வாரம் மூன்று நாட்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

கெட்டில்பெல் என்றாலே எல்லோரும் காணொளிகளில் பார்ப்பது ஸ்விங் எனும் வீச்சை. வாங்கிய அன்றே அதைச் செய்ய முனைந்து, இரண்டாம் நாள் இடுப்பு வலியோடு கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவோர் பலர். நான்கு வாரமாவது பொறுங்கள். ஸ்விங்கில் கைகள் தூக்குவதில்லை. அவை இரு கயிறுகள், அவ்வளவே. எடையை ஓர் அடி முன்னால் வைத்து, மடங்கிப் பற்றி, தொடைகளுக்கு இடையே பின்னால் செலுத்தி, இடுப்பை வெடுக்கென நிமிர்த்தினால் அது தானே நெஞ்சுயரம் மிதந்து வரும். இறங்கி வரும்போது அவசரப்பட்டு மடங்காதீர்கள். முன்கை உடலைத் தொடும்வரை காத்திருந்து மடங்குங்கள். எடை முழங்காலுக்குக் கீழே தொங்கிச் சென்றால் முதுகுதான் அடி வாங்கும். பத்துப் பத்தாகச் செய்து, இடையே மூச்சு அடங்கும்வரை ஓய்வெடுங்கள். மறுநாள் பின்தொடையும் பின்புறமும் வலித்தால் இயல்பு. கீழ்முதுகு வலித்தால் ஸ்விங்கை நிறுத்தி மீண்டும் சுவருக்கு வாருங்கள். நாமே நம்மைப் பார்க்க இயலாது என்பதால் கணவரோ மகளோ பக்கவாட்டில் நின்று முதுகைக் கவனிக்கட்டும். படம் பிடித்துப் பார்ப்பதாயின் உங்கள் கைபேசியிலேயே பிடித்து, பார்த்தவுடன் அழித்துவிடலாம்.

வாங்கும்போது ஒரே வார்ப்பாக உள்ள இரும்பையே கேளுங்கள். சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் வகை மலிவு. ஆனால் பருமன் மிகுதி, விழுந்தால் விரிசல் விடும். கைப்பிடியின் அடிப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பின் விளிம்பு உறுத்தினால் தோல் கிழியும். இரு கைகளும் நெருங்கிப் பற்ற இடம் இருக்க வேண்டும். பழக்கமில்லாத பெண்களுக்கு 8 கிலோ, அறுபதைக் கடந்தோருக்கு 4 அல்லது 6, உடலுழைப்பில்லாத ஆண்களுக்கு 12, ஓரளவு வலுவுள்ள இளைஞருக்கு 16 என்பது என் பரிந்துரை. காலணி வேண்டாம், வெறுங்கால் நல்லது. நைட்டியோ நீண்ட அங்கியோ வீச்சில் சிக்கும். சுரிதார் பேன்ட் போதும். டைல்ஸ் தரையாயின் கனமான விரிப்பு ஒன்றைப் போடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அறைக் கதவைச் சாத்திவிட்டே ஸ்விங் செய்ய வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத்தட்டு விலகல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் விழித்திரையைச் சோதித்துக்கொள்வது முக்கியம். அங்கே முற்றிய பாதிப்பு இருந்தால், மூச்சை அடக்கி முக்கித் தூக்குவது கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரைகளோ எடுப்போர், பயிற்சிக்குப் பின் சர்க்கரை இறங்குவதையும் கவனிக்க வேண்டும். ரமளானில் இவர்கள் நோன்போடு பயிற்சி செய்ய வேண்டாம். மற்றவர்கள் இஃப்தாருக்குப் பின் ஒரு மணிநேரம் கழித்தோ, தராவீஹுக்குப் பிறகோ வாரம் இருமுறை, வழக்கத்தில் பாதி அளவு செய்தால் சேர்த்த வலு கரையாது. அந்த மாதத்தில் எடையைக் கூட்ட முயல வேண்டாம்.

டெட்லிஃப்டுக்கு 8 கிலோ ஓரிரு மாதங்களில் இலேசாகிவிடும். அப்போது 12 கிலோ ஒன்று வாங்குங்கள். பழையதை மாமிக்கோ வளர்ந்த மகளுக்கோ கொடுங்கள். மகன் தனக்கு 16 கிலோ வேண்டும் என்று முறையிட்டால், அவன் பணம் கட்டியிருக்கும் ஜிம்மில் அது இருக்கிறது.