கோழி வாட்டியவனும் குறள் கொடுத்தவனும்

சென்னைக் கோட்டைக் கல்லூரியின் பழைய நிர்வாக ஆவணங்களில் முக்கியமானதை மட்டும் காப்பாற்றினால் போதுமாம். பியூன் சம்பளக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது முக்கியம்? யாருக்கு முக்கியம்?

கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்றுக்கொடுக்க 1812இல் எல்லீஸ் முயற்சியால் தொடங்கிய கல்லூரி அது. தெலுங்கும் தமிழும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று அவர் எழுதியது 1816இல் அதன் அச்சகத்தில்தான் அச்சேறியது. 1854இல் மூடிவிட்டார்கள். சிதம்பர பண்டாரம், பட்டாபிராம சாஸ்திரி, முத்துசாமிப் பிள்ளை என்று அங்கிருந்த புலவர்கள் பெயரெல்லாம் ஆராய்ச்சி நூல்களில் ஏறிவிட்டது. சந்தோஷம். விளக்குத் துடைத்தவன், பங்கா இழுத்தவன், குப்பை அள்ளியவள்? அவர்கள் பெயர் இருந்தால் சம்பளப் பட்டியலில்தான் இருக்கும். அதைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

1819இல் எல்லீஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். அவருடைய காகிதங்களை மதுரைக் கலெக்டரின் சமையல்காரன் அடுப்பெரிக்கவும் கோழி வாட்டவும் எடுத்துக்கொண்டான் என்று வால்டர் எலியட் எழுதிவைத்தார். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். காகிதத்தை அவன் கையெட்டும் இடத்தில் போட்ட துரைமார் மேல் ஒரு சொல் உண்டா?

இன்னொரு வேலைக்காரர் இருந்தார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன். திருக்குறள் ஏட்டை அவர் கொடுத்துத்தான் அது எல்லீஸ் கைக்குப் போனது என்று அவருடைய பேரன் அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். 1907இல் தமிழன் பத்திரிகையைத் தொடங்கிய அதே பண்டிதர்தான். அவர் எழுதியிராவிட்டால் இந்தச் செய்தி நம்மிடம் வந்திருக்காது. சமையல்காரன் எரித்தான் என்றால் உடனே நம்புகிறார்கள். பட்லர் கொடுத்தார் என்றால் மட்டும் ஆதாரம் எங்கே என்கிறார்கள். ஆதாரம் தேடக்கூடிய கட்டைக் கழித்துவிட்டு ஆதாரம் கேட்பது என்ன நியாயம்?

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். இரண்டு வருஷமும் எல்லீஸ் வந்தார். கந்தப்பன் வகுப்புக்குள் வரவேயில்லை.

ஆகவே தோழர்களே, நாம் கேட்கவேண்டியது இதுதான். கடிதம், மனு, சம்பளப் பட்டியல், செலவுச் சீட்டு, அபராதக் கணக்கு எல்லாவற்றையும் படமெடுக்க வேண்டும். பெயர் அடைவில் முன்ஷிக்குப் பக்கத்தில் தோட்டியின் பெயரும் வரவேண்டும். நம் பிள்ளைகள் போய்க் கேட்டால் அலைக்கழிக்காமல் எடுத்துத் தரவேண்டும்.

எது குப்பை என்று நீங்கள் பொறுக்க வேண்டாம். முழுசாக வையுங்கள். நாங்கள் படித்துக்கொள்கிறோம்.