அயர்ன்மேன் கனவு... மெடல் ஒருவருக்கு, பயிற்சி மொத்தக் குடும்பத்துக்கும்!

2025 நவம்பரில் கோவாவில் நடந்த 'அயர்ன்மேன் 70.3' போட்டியைத் தமிழக பா.ஜ.க-வின் முன்னாள் தலைவர் அண்ணாமலையும், பெங்களூரு தெற்கு எம்.பி தேஜஸ்வி சூர்யாவும் முடித்தார்கள். பிரதமர் மோடி எக்ஸ் தளத்தில் இருவரையும் பாராட்டினார். அதுவரை ட்ரையத்லான் பக்கமே போகாதவர்கள்கூட, 'அது என்னப்பா அயர்ன்மேன்?' என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இது திடீரென்று வந்த மோகம் இல்லை. 2015-ல் மிலிந்த் சோமன் ஐம்பதாவது பிறந்தநாளை நெருங்கும் வயதில் ஜூரிச்சில் முழு அயர்ன்மேனை முடித்தபோதே இந்தியாவில் ஆசை துளிர்விட்டது. 2019-ல் கோவாவுக்கு 70.3 போட்டி வந்ததும், ஐ.டி ஊழியர்கள், டாக்டர்கள், தொழிலதிபர்கள் எனப் பலருக்கும் 'நாமும் செய்யலாமே' என்ற எண்ணம் வந்தது. 2024-ல் நடிகை சயாமி கெர் பெர்லினில் 70.3-ஐ முடித்தார்.

ஃபினிஷ் லைன் போட்டோக்களில் மெடல் இருக்கும், தேசியக்கொடி இருக்கும், சிரிப்பும் கண்ணீரும் இருக்கும். ஆறு மாதமாக அந்த வீட்டில் காலை நேரத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்த இன்னொருவர் மட்டும் பெரும்பாலும் ஃபிரேமுக்கு வெளியே இருப்பார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியும்தான்.

தூரம் எவ்வளவு?

முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், அதன்பிறகு 42.2 கி.மீ ஓட்டம். அதாவது ஒரு முழு மாரத்தான். எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் சரிபாதிதான் 70.3. அதாவது 1.9 கி.மீ நீச்சல், 90 கி.மீ சைக்கிள், 21.1 கி.மீ ஓட்டம். மொத்தத் தூரம் 70.3 மைல் என்பதால் அந்தப் பெயர். கோவாவில் இதற்கு எட்டரை மணி நேரம் கெடு.

சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90 கி.மீ. முழு அயர்ன்மேன் என்றால், சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் ஒரு 30 கி.மீ மிதிக்க வேண்டும். அப்புறம்தான் ஓட்டமே ஆரம்பம்!

ஒரு தம்பதி தொடங்கிய போட்டி

இந்தப் போட்டியை உருவாக்கியவர்கள் ஒரு கணவன் மனைவி. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி காலின்ஸ். ஹவாயில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று ஓஹூ தீவில் 15 பேர் தொடங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் ஆனது.

அந்த முதல் போட்டியில் சாலையோரத் தண்ணீர் பந்தல் எல்லாம் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்கான உதவியாளர்களைத் தானே கூட்டி வர வேண்டும். நண்பர்களும் வீட்டாரும் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குத் தண்ணீர் தீர்ந்துபோக, அவருடைய ஆட்கள் பீரைக் கொடுத்து ஓடவைத்த கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது.

ஆக, 'தனி ஒருவனின் சாதனை' என்று நாம் கொண்டாடுகிற இந்தப் போட்டி, பிறந்த நாளிலேயே இன்னொருவர் தோளில்தான் நின்றது. இன்று போட்டி நாளன்று தண்ணீர் கொடுக்க வாலன்டியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்கு?

240 மணி நேரம் எங்கிருந்து வரும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். முதன்முறை 70.3 செய்பவர்களுக்கு வாரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி என்பது வழக்கமான திட்டம். முழு அயர்ன்மேன் என்றால் உச்சகட்ட வாரங்களில் 15 மணி நேரத்தையும் தாண்டும். சராசரியாகப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 24 வாரங்களுக்கு 240 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 30 நாள்கள். ஒரு மாத ஆபீஸ் வேலைக்கும் மேல்!

இது வாட்ச்சில் பதிவாகும் நேரம் மட்டும்தான். நீச்சல் குளத்துக்குப் போய்வரும் டிராஃபிக், சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுவது, ஸ்ட்ரெச்சிங், வியர்வைத் துணிகளின் தனி வாஷிங் மெஷின் ரவுண்டு, ஞாயிறு நீண்ட ரைடு முடிந்ததும் மதியம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும் இரண்டு மணி நேரம்... இதெல்லாம் எந்த ஆப்பிலும் ஏறாது.

தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். நாலரைக்கு எழ வேண்டும் என்றால் ஒன்பது, ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். நம்மூரில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளக் கிடைப்பதே பிள்ளைகள் தூங்கிய பிறகான அந்த ஒரு மணி நேரம்தான். பயிற்சி முதலில் விழுங்குவது அதைத்தான்.

காலண்டரையும் பாருங்கள். கோவா போட்டி பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். அதற்கு 24 வாரம் முன்பு என்றால் மே கடைசி. ஸ்கூல் திறக்கும் நேரம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, பிறகு நவராத்திரி, தீபாவளி. 2024-ல் போட்டி முடிந்த நான்காவது நாள் தீபாவளி. 2025-ல் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, அதாவது பயிற்சி உச்சத்தில் இருக்கும் சமயத்தில் தீபாவளி. அதிரசத்தைத் தவிர்ப்பதைத் தியாகம் என்று சொல்லிவிடலாம். ஊருக்கு வரமுடியாது என்று மாமியாரிடம் யார் போன் பண்ணிச் சொல்வது?

காலை 5 டு 8... யாருடைய நேரம்?

இதுதான் முக்கியமான இடம். வெயிலுக்கு முன்பு முடிக்க வேண்டும் என்பதால் நம் ஊரில் பயிற்சி பெரும்பாலும் விடியற்காலையில்தான். அதே மூன்று மணி நேரம்தான் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பீக் ஹவர். பால், டிபன், லஞ்ச் பாக்ஸ், யூனிஃபார்ம், 'ஷூ எங்கம்மா?', ஸ்கூல் வேன். கூடவே பெரியவர்களின் சுகர் மாத்திரை.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024 சொல்வது இது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். சைக்கிளைத் தொடும் முன்பே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இந்த 88 நிமிடங்களிலிருந்தும் கொஞ்சம் பயிற்சிக்குப் போனால், அது காற்றில் கரைந்துவிடாது. எதிர்ப்பக்கம் 289-ல் போய் ஏறும்.

'நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல. எல்லாரும் எழுறதுக்குள்ள பயிற்சியை முடிச்சுட்டு வந்துடுறேன்' என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையாக இருக்கலாம். ஆனால், இருட்டில் ஈ.சி.ஆர் சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டப் போன கணவரிடமிருந்து 'முடிச்சுட்டேன்' என்று மெசேஜ் வரும் வரை அந்த வீட்டில் இன்னொருவர் தூங்குவதில்லை. அவர் செலவழிக்கும் பதற்றத்துக்கும் கணக்கு இல்லை.

பணமும் இருக்கிறது. நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்று லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். ஷூ, ஸ்மார்ட் வாட்ச், கோச் ஃபீஸ், என்ட்ரி ஃபீஸ், விமானத்தில் சைக்கிளை ஏற்றும் செலவு என்று பட்டியல் நீளும். டேர்ம் ஃபீஸ் கட்டும் மாதத்தில் கார்பன் வீல் வாங்கினால் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாடுகளில் 'ட்ரையத்லான் விடோ' என்றே ஒரு கேலிப் பெயர் உண்டு. கணவர் உயிரோடு இருந்தும் வார இறுதிகளில் தனியாக இருக்கும் மனைவியைக் குறிக்கிறது அது. சிரிப்பாகச் சொன்னாலும் வலி அதில் இருக்கிறது.

அம்மா ஓடினால்?

அமெரிக்க வீராங்கனை செல்சி சொடாரோ 2022 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவர் மகளுக்கு 18 மாதங்கள்தான். பிரசவத்துக்குப் பிறகான தன் மனநலப் போராட்டத்தைப் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். குழந்தை வந்தால் விளையாட்டு முடிந்தது என்ற நினைப்பை உடைத்த வெற்றி அது.

ஆனால், அவர் முழுநேர வீராங்கனை. பயிற்சிதான் அவருடைய வேலை. நம்மூரில் வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் ஒரு பெண் இதே கனவைக் கண்டால் முதலில் வரும் கேள்வி, 'குழந்தையை யார் பார்த்துப்பா?' என்பதுதான். பயிற்சிக்குக் கிளம்பும் அப்பாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவரை 'டெடிகேஷன்' என்கிறோம். அவளை 'வீட்டைக் கவனிக்காதவள்' என்கிறோம். ட்ரையத்லான் ஸ்டார்ட் லைனில் பெண்கள் இன்னமும் சிறுபான்மையாக இருப்பதற்கு உடல் பலம் காரணம் இல்லை. அதிகாலை ஐந்து மணி யாருக்குச் சொந்தம் என்பதுதான் காரணம்.

அப்போ கனவே காணக்கூடாதா?

அப்படி இல்லை. குடும்பத்தில் ஒருவர் ஒழுங்காகத் தூங்கி, குடியை விட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்கே நல்லது. அப்பா ஒரு விஷயத்துக்காக மாதக்கணக்கில் உழைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம்தான். பிரச்னை கனவில் இல்லை. கேட்காமலே கடன் வாங்குவதில் இருக்கிறது. நாம் விடும் பிரியாணி நம் தியாகம். நம் மனைவியோ கணவரோ இழக்கும் தூக்கம், நாம் அவரிடம் வாங்கும் கடன். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும்போதுதான் சண்டை வருகிறது.

சில விஷயங்களை முன்கூட்டியே செய்துவிட்டால் பாதிச் சண்டையைத் தவிர்க்கலாம்.

* பணம் கட்டும் முன் பேசுங்கள்: ரெஜிஸ்டர் செய்துவிட்டு 'சர்ப்ரைஸ்' என்று சொல்லாதீர்கள். 24 வாரக் காலண்டரை விரித்து வைத்து, பரீட்சை, கல்யாணம், பண்டிகை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். மிச்சமிருக்கும் கட்டங்களில் பயிற்சி பொருந்தவில்லை என்றால், அது இந்த வருடத்துக்கான போட்டி இல்லை.

* மணிக்கு மணி திருப்பிக் கொடுங்கள்: ஞாயிறு காலை நான்கு மணி நேரம் உங்களுக்கு என்றால், சனிக்கிழமை நான்கு மணி நேரம் அவருக்கு. அந்த நேரத்தில் வீடும் பிள்ளைகளும் முழுக்க உங்கள் பொறுப்பு. 'உப்பு எங்க இருக்கு?' என்று போன் பண்ணக்கூடாது.

* சில நாள்களை வீட்டுக்குள் மாற்றுங்கள்: சைக்கிளைப் பொருத்தி வீட்டிலேயே மிதிக்கும் டிரெய்னர் இருந்தால், வார நாள்களில் சாலைப் பயமும் பயண நேரமும் மிச்சம். குழந்தை எழுந்துவிட்டால் இறங்கிப் போகவும் முடியும்.

* சின்னதில் தொடங்குங்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ சைக்கிள், 5 கி.மீ ஓட்டம் கொண்ட ஸ்பிரின்ட் ட்ரையத்லானுக்கு வாரம் ஐந்தாறு மணி நேரமே பலருக்குப் போதும். ஒலிம்பிக்கில் நடப்பதும் 1.5 கி.மீ, 40 கி.மீ, 10 கி.மீ தான். கோவா உட்படப் பல 70.3 போட்டிகளில் மூன்று பேர் பிரித்துச் செய்யும் ரிலே பிரிவும் உண்டு. ஒருவர் நீந்த, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓட, வீட்டிலிருந்தே ஒரு டீம் போடலாம்.

* நிறுத்தும் கோட்டை முன்பே போடுங்கள்: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை போகும் நிலை, பிள்ளை தடுமாறுகிறது என்றால் பயிற்சி குறையும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள். போட்டி அடுத்த வருடமும் நடக்கும்.

அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள், கோச்சிடம் கேட்கும் முன்பு வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'இந்த ஆறு மாசத்துல உனக்கு என்ன வேணும்?' பதில் நீளமாக வரலாம், கோபமாகவும் வரலாம். அதை முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு என்ட்ரி ஃபீஸைக் கட்டுங்கள்.