குறி தப்பியது யார் குற்றம்?

துப்பாக்கி என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், நேயரே! நான் சொல்லப் போவது யுத்தத் துப்பாக்கியைப் பற்றியல்ல. மிளகளவு ஈயக் குண்டைக் காற்றின் வேகத்தால் தள்ளுகிறதே, அந்த ஏர் ரைபிளைப் பற்றித்தான். அதன் முதுகில் டிஜிட்டல் ஸ்கோப் ஒன்றை ஏற்றிவிட்டு, இரண்டு மாதம் தூக்கமில்லாமல் தவித்த என் மைத்துனர் மகனைப் பற்றியும்.

பையன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறான். அடுத்த வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் கிழவர். மாட்டுத் தீவனம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? விஷம் வைக்கலாம், ஆனால் விஷம் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் ஆபத்து. ஆகையால் அங்கே பண்ணைகளில் ராத்திரி நேரத்தில் ஏர் ரைபிளால் எலி சுடுவது வெகுநாளைய வழக்கம். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு சக்திக்கு மேற்படாத ஏர் ரைபிளை வயது வந்தவர்கள் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். (ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.) கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, பையனைக் கூப்பிட்டார். பையனும் ஸ்பிரிங் ரைபிள் ஒன்று வாங்கினான். கம்ப்யூட்டர்காரன் அல்லவா? சாதாரண ஸ்கோப்பில் திருப்தி வருமா? டிஜிட்டல் ஸ்கோப்தான் வேண்டும் என்று வாங்கி மாட்டினான்.

இந்த டிஜிட்டல் ஸ்கோப் என்பது என்னவென்றால், முன்னால் ஒரு லென்ஸ், நடுவில் காமிரா, பின்னால் கட்டை விரலளவு சினிமாத் திரை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்றும் பக்கத்தில் உண்டு. கும்மிருட்டில் எலி திரையில் பளிச்சென்று தெரியும். எலிக்கோ ஒன்றும் தெரியாது! குறி பார்க்கிற கூட்டல் குறியும் கண்ணாடியில் கீறியதல்ல. திரையில் மின்சாரம் வரைவது. குண்டு இடது பக்கம் போனால் பொத்தானை அமுக்கிக் கூட்டல் குறியை நகர்த்த வேண்டியதுதான். இந்த வசதிதான் பையனுக்கு வினையாக வந்தது.

சென்ற வருஷம் நாங்கள் அங்கே போயிருந்தபோது, “மாமா, இது ராசியில்லாத ஸ்கோப். சாயந்திரம் சரி பண்ணினால் ராத்திரி தப்பாகச் சுடுகிறது. ராத்திரி சரி பண்ணினால் காலையில் வேறு பக்கம் போகிறது” என்றான். முகம் வாடியிருந்தது. அவன் அத்தை காப்பி கொடுத்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாளைக்கு முன் ராத்திரி ஓர் எலியின் தலைக்குக் குறி வைத்திருக்கிறான். குண்டு வயிற்றில் பட்டுவிட்டது. அது தீவன மூட்டைகளின் அடியில் இழுத்துக்கொண்டு போய் வெகு நேரம் கத்திக்கொண்டிருந்ததாம். எலிதானே என்கிறீர்களா? அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். மறுநாள் கிழவர், “சரியாகச் சுட வருகிறவரையில் கொட்டகைப் பக்கம் வராதே” என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நிற்கவில்லை அந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலை தாமே வந்து 25 மீட்டர் தூரத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே காகிதத்தை மாட்டி, “ஐந்து குண்டு சுடு, பார்க்கலாம்” என்றார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். சுட்டான். ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டு வலது பக்கம், ஒன்று காகிதத்தின் ஓரத்தில். உடனே பையனின் விரல் ஸ்கோப்பின் பொத்தானுக்குப் போயிற்று. கிழவர் கையைப் பிடித்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். ஐந்து துளையும் ஒன்றாகக் கூடியிருந்து, கூடிய இடம் மட்டும் தள்ளியிருந்தால் ஸ்கோப்பைத் திருத்து. ஐந்தும் ஐந்து திசையில் போயிருந்தால் ஸ்கோப்பைத் தொடவே தொடாதே.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இட்லி எல்லாம் ஒரேமாதிரி உப்புக் குறைந்திருந்தால் உப்பைக் கூட்டலாம். ஒரு தட்டு கல்லாகவும் ஒரு தட்டு பஞ்சாகவும் இருந்தால் உப்பு என்ன செய்யும்? இரண்டு மாதமாகப் பையன் செய்துவந்தது அதுதான். சிதறுகிற குண்டுகளில் கடைசிக் குண்டைத் துரத்திக்கொண்டு கூட்டல் குறியை நகர்த்தியிருக்கிறான். அடுத்த குண்டு வேறு பக்கம் போனதும் அங்கே நகர்த்தியிருக்கிறான்.

பிறகு கிழவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஸ்கோப்பின் பிடிப்பிலிருந்து ரைபிளின் உலோகம் வரையில் குறுக்கே ஒரே கோடாக ஒரு கோடு கிழித்தார். “இன்னும் பத்துச் சுடு.” பத்துக் குண்டுக்குப் பிறகு பார்த்தால், ஒரே கோடாக இருந்தது இரண்டு கோடாக இருந்தது! மேல்பாதி நூலிழை அளவு பின்னால் நகர்ந்திருந்தது.

காரணம் கேளுங்கள். ஸ்பிரிங் ரைபிளில் குதிரையைத் தட்டினதும் உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. அதனால் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் குழாய் முனையில் நெருக்குண்ட காற்றில் மோதி நின்றதும் ரைபிள் முன்னால் குதிக்கிறது. கண் இமைப்பதற்குள் இரண்டு உதை, இரண்டும் எதிரெதிர்த் திசையில்! வெடிமருந்துத் துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த இரட்டை உதையில் கெட்டுப் போவதுண்டு. ரைபிள் முன்னால் குதிக்கும்போது மேலே இருக்கும் கனமான ஸ்கோப் கூட வர மறுக்கிறது. ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்குகிறது. டிஜிட்டல் ஸ்கோப்பில் பாட்டரி, திரை, விளக்கு எல்லாம் சேர்ந்து கனம் அதிகம். வழுக்கலும் அதிகம்.

போதாக்குறைக்கு, அநேக ஏர் ரைபிள்களின் முதுகிலிருக்கும் பள்ளம் 11 மில்லிமீட்டர் அகலம். பையனுடைய ஸ்கோப்போடு வந்த பிடிப்போ ஏறக்குறைய அதைப்போல இரட்டை அகலமுள்ள தண்டவாளத்துக்கு ஏற்றது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு துண்டைப் போட்டு இணைத்திருந்தான். ஒட்டுக்கு மேல் ஒட்டு! இதில் சிறு ஆட்டம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பிடிப்பின் ஒரு முனை ஒரு காகிதத்தின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் தூக்கினால், 25 மீட்டரில் குண்டு இரண்டரை சென்டிமீட்டர் விலகும். எலியின் தலையே அவ்வளவுதானே!

நடுத்துண்டைத் தூக்கி எறிந்தார்கள். 11 மில்லிமீட்டருக்கென்றே செய்த ஒரே துண்டான பிடிப்பு வந்தது. அதன் அடியில் முளை ஒன்று உண்டு. ரைபிளின் துளையில் அதை இறக்கிவிட்டால் பின்னால் வழுக்க முடியாது. பள்ளத்திலிருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தார்கள். திருகாணிகளை ஒரேயடியாக முறுக்காமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினார்கள். பலத்தைக் காட்டினால் ஸ்கோப்பின் கூடு நசுங்கும். கடைசியாக, பென்சில் கோடு அழிந்துவிடுமே என்று என் மனைவி தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து ஒவ்வொரு திருகாணியின் மேலும் ஒரு கோடு போட்டாள். திருகாணி அசைந்தால் சிவப்புக் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

கட்டையைக் குழலோடு சேர்க்கும் திருகாணிகளும் தளர்ந்துதான் இருந்தன. அவற்றையும் முடுக்கியாயிற்று. குழலை மடக்கிக் குண்டு போடும் ரைபிளானால் அந்தக் கீலையும் ஆட்டிப் பாருங்கள். குண்டுகளையும் பாருங்கள், பெட்டியில் நசுங்கிய பாவாடையோடு கிடப்பவற்றை ஒதுக்குங்கள். 4.50, 4.51, 4.52 என்று நூலிழை வித்தியாசத்தில் விற்கிறார்கள். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும், ஜாதகப் பொருத்தம்போல!

இனி, பிடிக்கிற விதம். பையன் ரைபிளை மணல் மூட்டைமேல் அழுத்தி, தோளில் இறுக்கி, மல்யுத்தம் செய்வதுபோல் பிடித்திருந்தான். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது ஆகாது. திறந்த உள்ளங்கைமேல் அதைப் படுக்க வைத்து, அதன் இஷ்டப்படி உதைக்க விட்டுவிட வேண்டும். பீரங்கி சக்கரத்தில் பின்னால் ஓடுவதுபோல. இதற்குப் பீரங்கிப் பிடி என்றே பெயர். ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி உதைத்தால் குண்டும் ஒரேமாதிரி போகும்.

இத்தனைக்கும் பிறகு சுட்ட ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. எங்கே? குறிக்கு ஒரு சாண் இடது பக்கம்! இப்போதுதான் கிழவர், “உன் பொத்தானை அமுக்கலாம்” என்று அனுமதி கொடுத்தார்.

டிஜிட்டல் ஸ்கோப்பின் சொந்தப் பாவங்களும் சில உண்டு. பல ஸ்கோப்களில் நாலைந்து துப்பாக்கிகளுக்கான அளவுகளைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கலாம். இருட்டில் விரல் பட்டு ஒன்று இரண்டாக மாறிவிட்டால் சேமித்த அளவு போயிற்று என்று தோன்றும். தூரத்தை அளந்து தானே குறியை உயர்த்தித் தாழ்த்தும் கணக்குப் பிள்ளை ஒன்றும் சிலவற்றில் உண்டு. அதில் கஜத்தை மீட்டர் என்று எழுதிவிட்டால் அது சிரத்தையாகத் தப்புக் கணக்குப் போடும். சோதனை முடிகிறவரையில் அணைத்து வையுங்கள். உதையில் பாட்டரி ஒரு கணம் விலகினால் கருவி அணைந்து மறுபடி எரியும். அதன் பின் ஒரு சோதனைக் குண்டு அவசியம். ஒரு புண்ணியம், கண்ணைச் சற்று அப்படி இப்படி வைத்துப் பார்த்தால் குறி நகர்கிற தொல்லை கண்ணாடி ஸ்கோப்பில் உண்டு. இதில் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பையன் ராத்திரியே கொட்டகைக்குக் கிளம்பினான். கிழவர் விடவில்லை. “25 மீட்டரில் சரி. கொட்டகையில் எலி எத்தனை மீட்டரில் வருகிறது?” என்றார். பத்து மீட்டர்! காகிதத்தைப் பத்து மீட்டரில் மாட்டிச் சுட்டால், குண்டு குறிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே.

பையன் அலறிவிட்டான். ஆனால் இது கோளாறல்ல, பூகோளத்தின் வேலை. ஸ்கோப் குழலுக்கு ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. குண்டு கீழேயிருந்து கிளம்பி, மேலேறி, பார்வைக் கோட்டை எட்டி, பிறகு பூமியின் இழுப்பால் விழுகிறது. 25 மீட்டரில் சந்திக்கும்படி வைத்தால் 10 மீட்டரில் அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 40 மீட்டருக்குப் போனால் ஐந்து சென்டிமீட்டர் போல இறங்கியிருக்கும். டிஜிட்டல் ஸ்கோப் உயரமாக உட்காருவதால் பக்கத்து எலிக்குத்தான் இந்த வித்தியாசம் அதிகம். அன்றைக்கு வயிற்றில் பட்ட குண்டின் ரகசியம் இதில்தான் பாதி இருந்தது. 8, 10, 15, 20, 25 மீட்டர் என்று ஒவ்வொரு தூரத்திலும் சுட்டு, எவ்வளவு கீழே என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்டையில் ஒட்டினான். ரைபிளைச் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டிலும் விலகும் என்பதையும் அப்போதே கண்டான்.

ஒவ்வொரு ராத்திரியும் ஆரம்பிக்குமுன் காகிதத்தில் இரண்டு குண்டு சுட வேண்டும் என்று கிழவர் விதி போட்டதும் பையனுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைவாக இருந்தது. நான் அபினவ் பிந்த்ராவை நினைவுபடுத்தினேன். 2008 ஆகஸ்ட் 11-ம் தேதி பெய்ஜிங்கில், பத்து மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்கு முன் அவர் பழக்கத்துக்காகச் சுட்ட குண்டு எங்கேயோ போயிற்று. குறிகாட்டி அசைந்திருந்ததாகப் பின்னால் எழுதினார். அந்தப் போட்டியில் லென்ஸ் வைத்த ஸ்கோப்புக்கே இடமில்லை. வெறும் துளை வழியே பார்ப்பதுதான். அதுவே அசைகிறது! அவர் அங்கேயே திருத்திக்கொண்டார். கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, தங்கப் பதக்கம். சோதனைக் குண்டு சுடாமல் நேரே பந்தயத்தில் இறங்கியிருந்தால்?

பையன் மறுபேச்சுப் பேசவில்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு கடிதம் வந்தது. சிவப்புக் கோடு எதுவும் உடையவில்லையாம். சந்தேகமான தூரத்தில் எலி வந்தால் சுடாமல் விட்டுவிடுகிறானாம். கிழவர் கொட்டகைச் சாவியையே கொடுத்துவிட்டாராம். நகப்பூச்சுப் புட்டியை எப்போது அனுப்பப் போகிறான் என்று அத்தை கேட்கிறாள். அதற்குத்தான் அவன் பதிலே எழுதவில்லை.