வீடு குடி இருக்கவா, நாள் வாடகைக்கு விடவா?

ஸ்பெயின் நாட்டில் உள்ள பார்சிலோனா அழகான கடற்கரை நகரம். அதைப் பார்க்க உலகம் முழுவதும் இருந்து மக்கள் வந்து குவிகிறார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்த ஊர்க்காரர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்!

விருந்தாளியை இப்படி நடத்தலாமா? கூடாதுதான். ஆனால் அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால், மாதம் ஒரு முறை பணம் வரும். ஸ்பெயின் சட்டப்படி, குடி வந்தவர் 5 ஆண்டு வரை அங்கேயே இருக்க உரிமை உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம். பக்கத்து வீட்டு உறவும் நிலைக்கும்.

அதே வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விட்டால், சில இரவுகளிலேயே நல்ல பணம் பார்த்துவிடலாம். வாசலில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சாவி. வருகிறவர் எண்ணைத் தட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். நடுநிசியில் படிக்கட்டில் பெட்டிகள் 'கடகட' என்று உருளும். தூக்கம் போவது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான்!

பத்து ஆண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்றார், மேயர் ஜவ்மே கோல்போனி. சுற்றுலா வாடகைக்கு லைசென்சு பெற்ற 10,101 வீடுகளுக்கும், 2028 நவம்பருக்குப் பிறகு லைசென்சு கிடையாது என்று 2024 ஜூனில் அறிவித்தார். இதற்கு ஆதாரமான சட்டத்தை எதிர்த்து ஒரு கட்சி வழக்குப் போட்டது. சட்டம் செல்லும் என்று 2025 மார்ச்சில் அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

"என் வீடு, என் இஷ்டம்" என்று வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் உண்டு. வாடகை பாக்கி வைப்பவரைக் காலி செய்ய வைப்பது லேசான காரியமா? அதற்கு விரைவாகத் தீர்ப்புக் கிடைக்க வழி செய்யட்டும். அதற்காக ஊரில் உள்ள குடும்பங்கள் வீடு இல்லாமல் அலைய வேண்டுமா? மேயர் செய்தது சரி என்பதே என் கட்சி.

இன்னொரு தந்திரமும் உண்டு. 2024 மார்ச்சில் அங்கே வாடகைக்கு உச்ச வரம்பு வந்தது. உடனே சில வீட்டுக்காரர்கள், ஒரு வருடத்துக்குக் குறைவாக, 'தற்காலிக வாடகை' என்று எழுதி வீட்டை விட்டார்கள். படிக்க வந்த மாணவனுக்கு 9 மாதம் விடுவது சரி. அங்கேயே வேலை பார்க்கும் குடும்பத்திடமும் அப்படி எழுதி வாங்கினால்? தற்காலிகம் என்று எழுதுகிறவரிடம் அதற்கு ருசு கேட்க வேண்டும்.