கஷ்டம் யாருக்காக, பாஸ்டர் ஐயா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற வழியில் சென்னீர்குப்பம். இந்த மாதிரி புறநகரில் சின்ன சபை நடத்துகிற பாஸ்டரின் பிழைப்பு உங்களுக்குத் தெரியுமா? வாடகைக் கட்டடம். வருகிறவர்களில் பலர் தினக்கூலிகள், கம்பெனித் தொழிலாளர்கள். வேலை இல்லாத மாசம் காணிக்கைப் பையில் சில்லறைதான் விழும். ‘விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடலாமா?’ என்று ராத்திரியில் புரண்டு படுக்காத போதகர் குறைவு.

போகாதீங்க ஐயா என்றுதான் நான் சொல்வேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன். நீங்கள் படுகிற கஷ்டம் யாருக்காக?

ஜெர்மனியிலிருந்து 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்கு. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போய், டேனிஷ் கோட்டைத் தளபதியின் கோபத்துக்கு ஆளானார். 1708-ல் கைது, நாலு மாதம் சிறை. வெளியே வந்தவர் மூட்டை கட்டவில்லை. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

பழைய கதை எதுக்கு என்கிறீர்களா? திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக நின்றவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானபோது வயது 83. குற்றச்சாட்டை மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ராவுக்கே கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ல், விசாரணை தொடங்கும் முன்பே, காவலில் இருந்தபடி மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இவர்கள் இருவரும் பட்டது அடுத்தவருக்காக. ஆனால், திருச்சபைத் தேர்தலுக்கும் சொத்துக்கும் வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்கிறவர்களும் ‘சிலுவை சுமக்கிறோம்’ என்கிறார்களே! சிலுவை இல்லை சார் அது, நாற்காலி.

சபைக்குப் போகிற வாசகரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசங்கம் நீளம் என்று குறை சொல்லும் முன், பாஸ்டர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

பாஸ்டர் ஐயா, பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்று சோர்ந்துபோகாதீர்கள். அந்தப் பத்தில் ஒருவருக்கு மெஷினில் கை நசுங்கினால், நஷ்டஈடு கேட்டு முதலாளி முன்னால் அவரோடு போய் நிற்பீர்களா? நிற்பீர்கள் என்றால், தகரக் கூரைக்குக் கீழே நீங்கள் நடத்துவது பெரிய ஊழியம்தான். தைரியமாக நடத்துங்கள்.