கிலுகிலுப்பைப் பாம்பு வேட்டை விழாக்கள் குறித்த கோரிக்கை மனு

டெக்ஸஸ் மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்கு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும், இம்மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழர்களாகிய எங்கள் சங்கத்தார் மரியாதையுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

பொருள்: பாம்பு வளைகளில் பெட்ரோல் ஆவி செலுத்துவதைத் தடை செய்தலும், ஸ்வீட்வாட்டர் விழாவைக் கொலையற்ற விழாவாக மாற்றுதலும்.

மதிப்பிற்குரிய ஐயன்மீர், அம்மையீர்,

நோலன் கவுண்டியைச் சேர்ந்த ஸ்வீட்வாட்டர் நகரில், 1958-இல் தொடங்கி ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெற்று வரும் பாம்பு வேட்டை விழாவில், குளிர்காலம் முழுவதும் பாறைப் பிளவுகளுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்து உறங்கிய கிலுகிலுப்பைப் பாம்புகள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டு, எடைபோடப்பட்டு, விஷம் கறக்கப்பட்டு, ஜனங்கள் பார்த்திருக்கத் தலை துணிக்கப்பட்டுத் தோலுரிக்கப்படுகின்றன என்பது தாங்கள் அறிந்ததே. 2016-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே குவிந்த பாம்புகளின் எடை 24,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 11,000 கிலோ. தன் குட்டிகளை உயிருடன் ஈன்று, சில ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதற் பேறு காணும் ஒரு பிராணியை இவ்வாறு அள்ளியெடுப்பதற்கு எண்ணிக்கை வரம்பு ஒன்றும் இல்லாதிருப்பது எங்களுக்குப் பெரும் வியாகுலத்தைத் தருகிறது.

பாம்பைக் கண்டு அஞ்சுவதைக் குற்றமென்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டு வாசலில் சுருண்டிருக்கும் விஷப் பாம்பைத் தன் குழந்தையின் பொருட்டு அடித்த தந்தையை நிந்திக்கவும் மாட்டோம். ஆனால் மனிதனை விட்டு விலகித் தொலைவில் தன் வளைக்குள் ஒடுங்கியிருந்த ஜீவனை, நெருங்குவோரைத் தன் வாலின் ஒலியால் முன்னெச்சரிக்கும் இயல்புடைய ஜீவனை, தேடிச் சென்று பிடித்து வந்து அதன் மரணத்தையே வேடிக்கையாக்கிப் பரிசும் வைப்பது தற்காப்பு என்னும் சொல்லுக்குள் எவ்வாறு அடங்கும்?

அவற்றை வெளியேற்றும் முறையோ அதனினும் கொடியது. குழாய் வழியே பெட்ரோல் ஆவியைப் பிளவுக்குள் செலுத்த, மூச்சுத் திணறி வெளிவரும் பாம்புகள் பிடிபடுகின்றன. வெளிவர இயலாதவை உள்ளேயே மடிகின்றன. அதே பொந்தில் அண்டியிருக்கும் தவளை, ஓணான், பூச்சியினங்கள் யாவும் அந்த நஞ்சை நுகர்கின்றன. இதைத் தடுக்கும் விதியொன்றைத் தங்கள் ஆணையமே முன்பு பரிசீலித்து, 2016-இல் முடிவின்றி நிறுத்தி வைத்ததை வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம்.

தலையைத் துணித்தால் துன்பம் அக்கணமே நீங்கும் என்ற நம்பிக்கையும் ஊர்வன விஷயத்தில் பிழையானது. பிராணவாயு குன்றிய நிலையையும் தாங்கவல்லது அவற்றின் மூளை. ஆகையால்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள், மூளையை உடனே அழிக்காத வெறும் சிரச்சேதத்தை ஏற்பதில்லை. அப்படியிருக்க, உரிக்கப்பட்ட பாம்பின் இரத்தத்தில் சிறுவர் சிறுமியர் கை தோய்த்துச் சுவரில் பதிக்கும் வழக்கத்தை எண்ணும்போது, அப்பாம்பினும் அக்குழந்தைகளின் பொருட்டே எங்கள் மனம் அதிகமாகப் பதறுகிறது.

இவ்வாறு கூறும் நாங்களும் தோஷமற்றவர்களல்லோம். பல் பிடுங்கிய நாகத்தைக் கூடையில் அடைத்துத் தெருத்தெருவாக ஆட்டியவர்களும், பால் அருந்தும் இயல்பில்லாத பிராணியின் புற்றில் பால் வார்த்தவர்களும் எங்கள் நாட்டிலேயே உண்டு. ஆயினும் அதே நாட்டிலிருந்து ஒரு திருஷ்டாந்தம் காட்ட விரும்புகிறோம். பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பி வாழ்ந்த இருளர் சமூகத்தார், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பிழைப்பிழந்து நின்றபோது, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் மட்டும் பானைகளில் வைத்திருந்து, விஷம் எடுத்து, மீண்டும் பிடிபட்டால் அறியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்திலிருந்து செய்யப்படும் மருந்து பாரத தேசமெங்கும் உயிர் காக்கிறது. விஷமுறிவு மருந்தின் பொருட்டே ஸ்வீட்வாட்டரில் பாம்புகள் கொல்லப்படுகின்றன என்று வாதிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

விழாவின் வருமானத்தால் நகரத்தின் தர்ம காரியங்கள் பல நடைபெறுவதை நாங்கள் மறுக்கவில்லை. அவ்வருமானம் அழிய வேண்டும் என்பதும் எங்கள் உத்தேசமன்று. இத்தகைய விழா நடத்திவந்த ஜார்ஜியா மாநில நகரங்களான கிளாக்ஸ்டன் 2012-இலும், விகம் 2022-இலும் காட்டுப் பாம்பு பிடிப்பதைக் கைவிட்டு வனவிலங்கு விழாவாக மாறின; பென்சில்வேனியாவில் வேட்டை விழாக்களில் பிடித்த பாம்பைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது விதி.

ஆகவே, பெட்ரோல் ஆவி முறையைத் தடுக்கும் விதியை மீண்டும் எடுத்து நிறைவேற்றவும், பிடிக்கும் எண்ணிக்கைக்கும் காலத்திற்கும் வரம்பு விதிக்கவும், சிறுவர் முன்னிலையில் பாம்புகளைக் கொல்வதையும் இரத்தத்தில் கை தோய்ப்பதையும் நிறுத்துவிக்கவும், கிளாக்ஸ்டனைப் பின்பற்ற விரும்பும் நகரங்களுக்குப் பொருளுதவி செய்யவும் வேண்டுகிறோம். இவற்றுள் முதலாவதை அடுத்த மார்ச் மாதத்திற்கு முன்னதாகவே செய்தருள வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு தாமதமும் இன்னொரு குளிர்கால உறக்கத்தின் முடிவாகிறது. எங்கள் பிரதிநிதிகள் ஆஸ்டின் நகரில் தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வந்து விவரம் கூறச் சித்தமாயிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், காரியதரிசி, நிர்வாகக் குழுவினர்