அடர்த்திச் சோதனையில் பிழைக்கு உரிய இடம்

பொருளின் நிறையைப் பருமனால் வகுத்து அடர்த்தி காணும் சோதனையில், விடை பாடநூல் மதிப்பை எவ்வளவு நெருங்குகிறது என்பதைக் கொண்டே பல பள்ளிகளில் மதிப்பெண் வழங்கப்படுகிறது. அளவீட்டை எடைபோடக் கற்க வேண்டிய மாணவர், இதனால் அளவீட்டை விடைக்கேற்ப வளைக்கக் கற்றுக்கொள்கிறார்.

1.90 செ.மீ. விட்டமும் 28.2 கிராம் நிறையும் உள்ள இரும்புக் குண்டை, 1 க.செ.மீ. பிரிவுகள் கொண்ட அளவுச்சாடியில் அமிழ்த்தினால், நீர்மட்டம் 50-இலிருந்து ஏறத்தாழ 54-க்கு உயரும். ஒவ்வோர் அளவிலும் அரைப் பிரிவு ஐயப்பாடு உண்டு. பருமன் அவ்விரண்டின் வேறுபாடு என்பதால், ஐயப்பாடு கூடி 1 க.செ.மீ. வரை செல்லும். எனவே பருமன் 3 முதல் 5 வரையும், அடர்த்தி க.செ.மீ.க்கு 5.6 முதல் 9.4 கிராம் வரையும் எதுவாகவும் இருக்கலாம், துத்தநாகம் (7.1), இரும்பு (7.9), செம்பு (9.0) மூன்றுமே இவ்வெல்லைக்குள் அடங்கும். இந்நிலையில் 7.05 என்று விடை எழுதுவது, இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டுவதாகும். நுட்பமான தராசு வாங்கியும் பயனில்லை, ஏனெனில் குறை பருமனில் உள்ளது. ஒரே அளவுள்ள ஐந்து குண்டுகளைச் சேர்த்து அமிழ்த்தினால், பருமன் 18 க.செ.மீ. அளவுக்கு வர, அடர்த்தி 7.4-க்கும் 8.3-க்கும் இடையில் அமைந்து, துத்தநாகமும் செம்பும் விலகிவிடும். மீச்சிற்றளவு 0.01 செ.மீ. கொண்ட வெர்னியர் அளவியால் ஒரு குண்டின் விட்டத்தை அளந்தால், விட்டத்தின் மும்மடியே பருமனைத் தருவதால், அரை விழுக்காட்டுப் பிழை மும்மடங்காகியும் ஏறத்தாழ 1.6 விழுக்காட்டிலேயே நிற்கும்.

குண்டில் ஒட்டிய காற்றுக்குமிழி பருமனைக் கூட்டி அடர்த்தியை எப்போதும் குறைத்தே காட்டும். ஒரே திசையில் இழுக்கும் இத்தகைய முறையான பிழை, எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் மறையாது. குமிழியைத் தட்டி அகற்றுவதே வழி.

ஒரே கண்ணாடிக் குடுவையில் காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் 2.310 கிராமும், வேதிச்சேர்மங்களிலிருந்து பெற்றது 2.299 கிராமும் இருப்பதை ராலே பிரபு கண்டார். மீண்டும் மீண்டும் நிறுத்தபோது எழுந்த பிழையைவிட இவ்வேறுபாடு பன்மடங்கு பெரிது என்று அவர் அறிந்திருந்ததாலேயே, ராம்சேயுடன் இணைந்து 1894-இல் ஆர்கானைக் கண்டறிய முடிந்தது.

செய்முறைப் பதிவேட்டில் விடையின் அருகே அதன் ஐயப்பாட்டையும் எழுதச் செய்து, நேர்மையாகக் கணித்த ஐயப்பாட்டுக்கே முதன்மையாக மதிப்பெண் வழங்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.